நாற்பத்தெட்டு நாள் விரதமும் இறங்காத எண்ணும்

உங்கள் பிரிவுத் தலைவி போன வாரம் என்னைப் பார்க்க வந்து, "அக்கா, புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்துல இருந்து ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சாதித்த கதைகள் வேண்டும். அதையெல்லாம் நான் ரிட்டையர் ஆன அன்று கேக் வெட்டும்போதே பேசி முடித்துவிட்டார்கள், அதில் பாதி பொய். நான் எழுதப்போவது வேறு. ஒரு நல்ல மனிதரை, முகத்துக்கு நேரே, நான் பொய்யர் என்று சொன்ன கதை. படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள். திட்டு வாங்க வேண்டியவள்தான் நான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டயட்டிஷன் வேலையில் பாதி நேரம் சந்தேகப்படுவதிலேயே போய்விடும். கிள்ளானிலிருந்து ஒரு லோரி டிரைவர் வருவார். சர்க்கரை எகிறிக் கிடக்கும். "என்னண்ணே சாப்பிட்டீங்க" என்று கேட்டால், "அவிச்ச பயறும் கீரையும்தான் மிஸி" என்பார். எங்கள் ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்ணுக்கெல்லாம் மிஸி என்றுதான் பெயர். பயறும் கீரையும் என்று அவர் சொல்லும்போதே சட்டையிலிருந்து ஆட்டுக்கறி வாசம் ஆளைத் தூக்கும். ஒருநாள் வியர்வை துடைக்கக் கைக்குட்டையை இழுத்தார், கூடவே ஒரு லட்டு வந்து என் மேசைமேல் உருண்டது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "சாமி பிரசாதம் மிஸி" என்றார். எந்தச் சாமி, எந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை.

இப்படிப் பத்து வருடம் போனால் என்ன ஆகும்? யார் வாயைத் திறந்தாலும் லட்டு உருண்டு விழும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுவோம். எனக்கு வாய் வேறு கொஞ்சம் நீளம். கோபம் மூக்குக்கு மேலே. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் மருதமுத்து என்ற மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன்.

எண்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருதமுத்து பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் போஸ்மேன், தபால்காரர். எங்கள் தெருவுக்கும் அவர்தான். மற்றவர்களெல்லாம் மோட்டார் சைக்கிளுக்கு மாறிய பிறகும் அவர் சைக்கிளிலேயே வந்துகொண்டிருந்தார். வயது நாற்பத்தொன்று. ஒல்லியான உடம்பு. சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது. ஒருநாள் பங்சார் மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சைப் பிடித்தது என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரத்தம் எடுத்தார்கள். ஐந்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டிய கொலஸ்ட்ரால் ஒன்பதரை இருந்தது. அந்தக் காலத்தில் எடுத்தவுடன் மருந்து கொடுக்க மாட்டார்கள். சாப்பாட்டைச் சரிசெய் என்று டயட்டிஷனிடம் அனுப்புவார்கள். அப்படித்தான் எங்கள் தெருப் போஸ்மேன் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மிஸி வீட்டுக்கு ஏர்மெயில் கொண்டாந்து குடுக்குற நான், இப்ப மிஸிகிட்ட பேப்பர் வாங்க வந்திருக்கேன்" என்று சிரித்தார்.

நான் கொடுத்த பேப்பரை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். பதிவுத் தபாலை வைப்பதுபோல் வைத்தார். காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ச் சோறு வேண்டாம், தேங்காய்ப்பால் வேண்டாம், முட்டை மஞ்சள் கரு வேண்டாம், பொரித்தது வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தினம் சாப்பிடுவதை ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தார். அச்சடித்ததுபோல் கையெழுத்து. மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தால் ஒன்பது புள்ளி நாலு. இன்னும் மூன்று மாதம் கழித்து ஒன்பது புள்ளி ஆறு.

"என்னண்ணே இது?"

"தெரியல மிஸி. நீங்க சொன்னதைத்தான் சாப்பிடுறேன்."

எனக்குச் சுரீர் என்றது. நோட்டு அழகாக இருக்கிறது, எண் அசையவில்லை. அப்படியானால் நோட்டுதான் பொய் என்று முடிவு கட்டினேன். எண் பொய் சொல்லாது என்று நமக்குப் படிக்கும்போதே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். மனிதரும் பொய் சொல்லாமல் எண்ணும் பொய் சொல்லாமல் இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்குத் தானாகவும் தோன்றவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு லீவு நாளில், தபால் நிலையத்துக்கு எதிரே உள்ள ரொட்டி சானாய் என்ற பரோட்டா போடும் கடையில் போய், செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேவு பார்க்க. என் அம்மா பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பாள். பத்து மணிக்கு அவர் வந்தார். சைக்கிளைச் சாத்தினார். "தே ஓ கோசோங்" என்றார். பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர் அது. கடைக்காரர், "ரொட்டி சூடா இருக்கு அண்ணே, ஒண்ணு போடவா?" என்றார். "வேணாம்லா" என்று சொல்லி, நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

உங்களுக்கு இது போதாதா? எனக்குப் போதவில்லை. ஆள் என்னைப் பார்த்துவிட்டான், கெட்டிக்காரன் என்று நினைத்தேன். மனம் ஒருமுறை முடிவு செய்துவிட்டால் சாட்சியும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்க வேண்டும்.

அதோடு விட்டேனா? அடுத்த முறை அவர் மனைவி லெட்சுமியையும் வரச் சொன்னேன். "வீட்டுல நீங்க ஒழுங்காத்தான் சமைக்கிறீங்க. வெளிய இவரு என்ன சாப்பிடுறாருன்னு கொஞ்சம் கவனிங்க" என்று அவரை வைத்துக்கொண்டே சொன்னேன். லெட்சுமி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று விரிசல் விட்டது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் ஃபைலை இழுத்து, என் அழகான ஆங்கிலத்தில், 'சொன்னபடி நடப்பதில்லை, உணவை மறைக்கிறார்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்த ஃபைலைத் திறந்த டாக்டர்கள் அவரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கப்போகிறார்கள்? டயட்டிஷன்தான் எழுதிவிட்டாளே.

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவராகவே ஒரு யோசனை சொன்னார்.

"மிஸி, இந்த வருஷம் நான் பத்துமலையில காவடி எடுக்குறேன். நாப்பத்தெட்டு நாள் விரதம். அது முடியுறப்ப ரத்தம் எடுத்துப் பாருங்க. அப்பத் தெரிஞ்சிடும்ல, நான் சொல்றது உண்மையா பொய்யான்னு."

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. விரதம் என்றாலே சிலர் நெய்யும் பாலும் பாயசமுமாகக் கொழிப்பார்கள் என்பதால், அதற்கும் ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்தேன். நெய் கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, பால் கூட ஆடை எடுத்தது. ஒருவேளைச் சாப்பாடு. தரையில் படுக்கை. வெறுங்கால். அந்த நாற்பத்தெட்டு நாளும் அவர் எங்கள் தெருவில் செருப்பில்லாமல் சைக்கிள் மிதித்துப் போவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

திருவிழா முடிந்த அடுத்த வாரம் வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். கன்னத்தில் வேல் குத்திய தடம் இன்னும் ஆறவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைபோல் என் கையில் இருந்த சீட்டையே பார்த்தார்.

ஒன்பது புள்ளி ஒன்று.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எண் இறங்காததால் வந்த கோபம் இல்லை அது. இத்தனை மாதமாக என்னை ஏமாற்றியவர் இப்போது சாமி பெயரைச் சொல்லியும் ஏமாற்றிவிட்டார் என்ற கோபம்.

"அண்ணே, எங்ககிட்ட பொய் சொல்லலாம். முருகன்கிட்டயுமா?"

இதைத்தான் சொன்னேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

 அவர் சீட்டைப் பார்த்தார். எழுந்தார். "வரேன் மிஸி" என்று சொல்லிவிட்டுப் போனார். மேசைமேல் இருந்த அப்பாயின்ட்மென்ட் கார்டை எடுத்துக்கொள்ளவில்லை. பதில் சொல்ல வாயில்லை, அதனால் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதன்பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுக்குத் தபால் மட்டும் தவறாமல் வந்தது. முன்பெல்லாம் மணியடித்து, "மிஸி, ஏர்மெயில்" என்று குரல் கொடுப்பார். இப்போது மணி இல்லை, குரல் இல்லை. பெட்டியைத் திறந்தால் கடிதம் இருக்கும். கொட்டுகிற மழையிலும் ஒரு கடிதம் நனைந்ததில்லை. அது எனக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தல் வேறு, உணர்வது வேறு. நான் உணர இன்னும் மூன்று மாதம் ஆயிற்று.

ஒரு காலை, டோக்கன் எதுவும் எடுக்காமல் லெட்சுமி என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். கையில் அந்த நோட்டு.

"மிஸி, அஞ்சு நிமிஷம். சொல்லிட்டுப் போயிடுறேன். விரதம் நாப்பத்தெட்டு நாளும் நான்தான் சமைச்சேன், நான்தான் பரிமாறுனேன். வேலைக்குப் போறப்ப டப்பாவுல போட்டுக் குடுத்தேன், வந்ததும் அந்த டப்பாவை நான்தான் கழுவுனேன். அவரு பொய் சொன்னாருன்னா நானும் சேர்ந்து பொய் சொன்னேன்னு அர்த்தம். நான் சொல்லல மிஸி."

நான் வாயைத் திறக்கும் முன் அவரே தொடர்ந்தார்.

"நீங்க சொன்னதைக் கேட்டு அவரு சட்டைப்பையைத் தடவிப் பாத்தேன். கல்யாணம் பண்ணி பதினெட்டு வருஷத்துல அப்படி செஞ்சதில்ல. அதை அவரு பாத்துட்டாரு. அன்னையிலேருந்து என்கிட்ட சரியாப் பேசுறதில்ல. அதுகூடப் பரவால்ல. அவங்க அப்பா நாப்பத்திரண்டு வயசுல போனாரு மிஸி. டீ குடிச்சிக்கிட்டே இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. அவங்க அண்ணன் முப்பத்தொம்போதுல. இவருக்கு வர்ற மாசம் நாப்பத்திரண்டு. காலையில இவரை எழுப்புறதுக்கு முன்னாடி மூச்சு வருதான்னு பாக்குறேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மாதக்கணக்கில் அந்த மனிதர் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். காலையில் என்ன, மதியம் என்ன, மாலையில் என்ன, படுக்கும் முன் என்ன என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். எந்தக் கடை எண்ணெய் என்றுகூடக் கேட்டிருக்கிறேன். உங்கள் அப்பா எந்த வயதில் போனார் என்று கேட்கவில்லை. ஃபைலின் முதல் பக்கத்தில் 'தந்தை காலமானார்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எந்த வயதில், எதனால் என்று எழுதவில்லை. நம் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத கேள்வி எனக்கு வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

லெட்சுமியை அங்கேயே உட்காரவைத்துவிட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அங்கே ஒரு இருதய டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அதிகம் பேச மாட்டார். பேசினால் நமக்கு உறைக்கும். லெட்சுமி சொன்னதை ஒப்பித்தேன். அவர் எண்களைப் பார்த்தார். என் குறிப்பைப் பார்த்தார்.

"இவர் ஒளிச்சுச் சாப்பிடுறார் எண்டு ஆர் எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"காலைப் பாத்தனீரோ?"

"காலையா?"

"குதிக்காலுக்கு மேல நரம்பு தடிச்சுப்போய் இருக்கும். சில பேருக்கு. தகப்பனும் தமையனும் இந்த வயசில போயிருக்கினம் எண்டால், இவரைப் பாத்தே ஆகவேணும்."

 நாற்பத்தெட்டு நாள் வெறுங்காலோடு என் ஜன்னலுக்குக் கீழே அவர் போனார். அந்தக் குதிகாலை நான் பார்த்திருக்கிறேன். விரல் தடிமனுக்குப் புடைத்து நின்றது. சைக்கிள் மிதித்தே காய்த்துப்போயிருக்கிறது பாவம் என்று நினைத்தேன்.

டாக்டர் ஃபைலை மூடினார். "தொட்டியில தண்ணி நிரம்பி வழியுது. நீர் குழாயை மூடு மூடு எண்டு சத்தம் போட்டுக்கொண்டு நிக்கிறீர். தண்ணி வெளிய போற ஓட்டை பிறக்கேக்கையே அடைச்சுக் கிடக்குது. அந்த மனுசன் என்ன செய்யும்?"

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை, உங்களுக்கும் இதையே தருகிறேன். ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும் பங்கை நம் கல்லீரலே தயாரிக்கிறது. சாப்பாட்டில் வருவது அதில் ஒரு பகுதி. மிஞ்சியதை ரத்தத்திலிருந்து எடுத்து அப்புறப்படுத்துவதும் கல்லீரல்தான். சிலருக்கு அப்படி எடுக்கும் திறன் பிறவியிலேயே குறைவு. பெற்றவர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது, ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு வரும், ஒரு பிள்ளைக்கு வராது. அவர்கள் காற்றைக் குடித்து வாழ்ந்தாலும் எண் கொஞ்சம்தான் இறங்கும். இது மட்டுமில்லை. தைராய்டு மந்தமானாலும் எண் ஏறும், சிறுநீரகம் கெட்டாலும் ஏறும், வேறு நோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரையாலும் ஏறும். இத்தனை வாசல் இருக்கும்போது நான் சமையலறை வாசலில் மட்டும் தடியோடு நின்றுகொண்டிருந்தேன். அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, அது நம் பிழைப்பு. நல்ல சாப்பாடும் சைக்கிளும்தான் அந்த மனிதரை நாற்பத்தொன்று வரை இழுத்து வந்தது என்று அந்த டாக்டரே பிறகு சொன்னார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வீட்டு வாசலில், தபால் பெட்டிப் பக்கத்தில் போய் நின்றேன். பத்தரைக்கு சைக்கிள் வந்தது.

"இன்னிக்கு உங்களுக்குக் கடிதம் இல்ல மிஸி" என்றார், ஒரு காலை ஊன்றிக்கொண்டு.

"கடிதத்துக்கு நிக்கலண்ணே. உங்களுக்குத்தான் நிக்கிறேன். நான் சொன்னது தப்பு. நீங்க பொய் சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கைப்பிடியில் மாட்டியிருந்த பையைச் சரிசெய்தார். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

"பரவால்ல மிஸி."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. திட்டுங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"வந்து? மறுபடி ரத்தம் எடுப்பீங்க. மறுபடி எறங்காது. மறுபடி நான் முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும். லெட்சுமி என்னைப் பாப்பா. வேணாம் மிஸி. அப்பா போன மாதிரி போறேன், சத்தமில்லாம."

"எறங்காதுண்ணே. சாப்பாட்டால அது எறங்காது. உங்க உடம்பே அப்படி. அதைச் சொல்லத்தான் நிக்கிறேன். பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. அதுக்கு மருந்து வேற, வழி வேற. நீங்க இன்னும் என்னத்தை நிறுத்தணும்னு நான் இனிமே கேக்க மாட்டேன்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "மிஸி, தெருவுல எல்லாரும் பாக்குறாங்க, அழாதீங்க. நான் எதோ கெட்ட சேதி கொண்டாந்துட்டேன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தார். டாக்டர் அவர் காலைப் பிடித்து, குதிகாலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தார். கை முட்டிகளைப் பார்த்தார். இமை ஓரத்தைப் பார்த்தார். "இது சாப்பாட்டால வந்தது இல்லை, வழிவழியா வந்தது. உம்மட தகப்பனுக்கும் தமையனுக்கும் இதுதான் இருந்திருக்கும்" என்றார்.

மருதமுத்து சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பொய்யர் என்ற பட்டம் போய்விட்டதே. அவர் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மிஸி, எங்க அண்ணன் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. பதினாறாம் நாள் சடங்குல, சொந்தக்காரங்க எல்லாம் இருக்கறப்ப, நான் ஒரு வார்த்தை சொன்னேன். அண்ணி தேங்காய்ப்பாலும் நெய்யுமா ஊத்தி ஊத்தி அண்ணனைக் கொன்னுட்டாங்கன்னு. அண்ணி காதுபடத்தான் சொன்னேன். அவங்க அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தாங்க."

நான் அவரிடம் சொன்னதும் அவர் தன் அண்ணியிடம் சொன்னதும் ஒரே பழிதான், சாப்பாட்டால் வந்தது என்ற பழி. அதை நாங்கள் இரண்டு பேருமே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டோம்.  "அண்ணி எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

மருத்துவக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், உங்களுக்கு அதுதானே முக்கியம். முதலில் ஒரு தூள் கொடுத்தார்கள். தண்ணீரில் கலக்கினால் மணலைக் குடிப்பதுபோல் இருக்கும், வயிற்றைப் புரட்டும். முகம் சுளிக்காமல் குடித்தார். பிறகு புது மாத்திரைகள் வந்தன, எண் மளமளவென்று இறங்கியது. நாற்பத்திரண்டு வயது வந்தது, போனது. ஐம்பதும் வந்தது. அவர் மகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம், அவளுக்கு இல்லை. அண்ணனுக்கு இரண்டு பையன்கள். அவர்களையும் பார்த்தாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரியவனுக்கு இருந்தது. பதினேழு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டதால் அவன் இன்று தன் அப்பாவைவிட வயதில் பெரியவனாகிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் அந்தப் பையன்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று போய்ச் சொல்ல வேண்டுமே. அதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய காரில், மருதமுத்துவும் நானும் கிள்ளானில் இருந்த அண்ணி வீட்டுக்குப் போனோம். லெட்சுமி வரவில்லை. "அன்னைக்கு அவரு சொன்னப்ப நானும் ஆமான்னு தலையாட்டுனேன் மிஸி, எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வருவேன்?" என்றார். 

வரிசை வீடு. வாசலில் கறிவேப்பிலைச் செடி. அண்ணி கதவைத் திறந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்த முகம். கொழுந்தனைப் பார்த்ததும் அவர் முகத்தில் பயம்தான் வந்தது. "வாங்க தம்பி. யாருக்கு என்ன?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.  மீதியை நான்தான் சொன்னேன். தொட்டி, குழாய், ஓட்டை எல்லாம் சொன்னேன். பையன்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும், பயப்பட வேண்டாம், இப்போது மருந்து இருக்கிறது என்றேன். அண்ணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"மிஸி, நீங்க படிச்சவங்க. எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. அப்ப நான் சமைச்சதால அவரு போகலியா?"

"இல்லக்கா."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். நீங்க தண்ணியில வேகவெச்சே போட்டிருந்தாலும் அவருக்கு வந்திருக்கும்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அழவில்லை. ஒன்பது வருடம் அழுதவருக்கு அன்றைக்குப் புதிதாக அழ என்ன இருக்கிறது? மருதமுத்துதான் உடைந்துபோனார். "அண்ணி, நான் சொன்னது பாவம் அண்ணி. என்னை மன்னிச்சிடுங்க" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார்.

"நீங்க மட்டுமா சொன்னீங்க தம்பி? எல்லாரும்தான் சொன்னாங்க. எனக்கே அப்படித்தான் தோணிடுச்சு." முந்தானைச் சுற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "உங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நானும் வரத்தான் செய்யிறேன். காய் நறுக்கச் சொல்வாங்க, பாத்திரம் கழுவச் சொல்வாங்க. கரண்டியை மட்டும் யாரும் என் கையில குடுக்கறதில்ல. நான் கேக்கறதும் இல்ல."

 பையன்களை எந்த நாள், எத்தனை மணிக்கு, வெறும் வயிற்றில் கூட்டி வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுந்தோம். வாசல் வரை வந்த அண்ணி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ அனுமதி கேட்பதுபோல் மெல்லச் சொன்னார்.

"சமைச்சிட்டேன் தம்பி. கோழிக் குழம்பு. தேங்காய்ப்பால் ஊத்துனதுதான். பசங்களுக்காக வெச்சேன். உங்களுக்கு வேணாம்னா பரவால்ல."

மருதமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நோயாளி டயட்டிஷனைப் பார்க்கும் பார்வை அது. நான் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தேன்.

அவர் செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனார். கை கழுவிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போடுங்க அண்ணி" என்றார். குழம்பை ஊற்றும்போது அண்ணியின் கரண்டி தட்டில் இடித்தது. அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அண்ணி பக்கத்திலேயே, கரண்டியைக் கீழே வைக்காமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அந்தச் சோற்றை முடித்துவிட்டுத் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.